தலைப்பிரசவத்துக்கு இங்கே வராதே

வேலம்பாளையம்
10.4.2005

கண்ணு சித்ரகலாவுக்கு அம்மா மருதாள் எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற உயிரும் அந்த லூதியானாவில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுதினால் அது பொய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே அழுவாய், நானும் இளகிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன், முழுசாகப் படி. தலைப்பிரசவத்துக்கு இங்கே வராதே. வளைகாப்புப் போட்டுக் கூட்டி வருகிறோம் என்று சொன்னதை மறந்துவிடு, டிக்கெட்டை மாப்பிள்ளை கேன்சல் பண்ணட்டும். மீறி வந்து நின்றாயானால் கதவைத் திறக்க மாட்டேன், இவளெல்லாம் பெத்தவளா என்று தெருவே காறித் துப்பினாலும் திறக்க மாட்டேன்.

காரணம் உங்கப்பா. போன மாசம் நெற்றியில் ஒரு பக்கம் மட்டும் தீயாக எரிகிறது என்றார், நாள் பூரா பனியன் கம்பெனிக் கட்டிங் டேபிளில் குனிந்து நிற்கிற சூடு என்று நினைத்தோம். அப்புறம் புருவத்தில் தொடங்கி மூக்கு நுனி வரைக்கும் கொத்துக்கொத்தாகக் கொப்புளம். அக்கி. டாக்டரிடம் போகலாமுங்க என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அக்கிக்கு எவனாச்சும் ஊசி போடுவானா புள்ள, எழுதுனாத்தான் போகும் என்று பஸ் ஏறி, அவிநாசிபாளையம் பக்கம் பானை செய்கிறவர் ஊட்டில் செங்காவி எழுதிக்கொண்டு வந்தார். எழுதினவரே, கண்ணுகிட்ட இருக்குதுங்க, ஆஸ்பத்திரியில காட்டிப்போடுங்க என்றாராம். இவர் கேட்கிற ஆளா? கூத்துக்கு வேஷம் கட்டினவர் மாதிரி முகத்தில் பாதி காவியோடு உட்கார்ந்துகொண்டு, காவி காஞ்சா அக்கியும் காஞ்சிரும் என்றார். காவி காய்ந்தது, வலது கண் போச்சு. கொப்புளம் கண்ட ரெண்டு மூணு நாளைக்குள்ள வந்திருந்தா மாத்திரையிலயே பெரும்பாலும் காப்பாத்தியிருக்கலாமுங்க என்று கோயமுத்தூர் டாக்டர் சொன்னார். ஒற்றைக் கண்ணில் கட்டிங் மெஷினைப் பிடித்தால் விரல் போய்விடும் என்று கம்பெனியில் வேறு மாஸ்டர் போட்டுவிட்டார்கள். நல்லா வேணுமுங்க உங்களுக்கு என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். எனக்கு வயிறு எரிகிறது சாமி, வேறென்ன சொல்வேன்.

அதோடு விட்டதா? உன் அண்ணன் மகள் கீதாஞ்சலி, அப்பாருக்கு எரியுது என்று அவர் மடியில் ஏறி உட்கார்ந்து கொப்புளத்தை ஊதி ஊதித் தொட்டுக்கொண்டே இருந்தாள். இப்போது அவளுக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை அம்மை. அக்கி சூட்டில் வருகிறது, ஒட்டாது என்றுதானே நாமெல்லாம் நம்பிக்கொண்டிருந்தோம். அம்மையும் அக்கியும் ஒரே கிருமியாம். சின்ன வயசில் போட்ட அம்மை போய்விட்டது என்று நாம் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுகிறோம், அது போகாமல் நரம்புக்குள் படுத்துக் கிடந்து, உடம்பு தளரும்போது அக்கியாகக் கிளம்புகிறதாம். அந்தக் கொப்புளத்து நீர் பட்டால், அம்மையே போடாதவர்களுக்கு அம்மையாக வருமாம். வேப்பிலையும் கட்டியிருக்கிறேன், டாக்டர் மருந்தும் கொடுக்கிறேன், சொறியாமல் இருக்க நகத்தை ஒட்ட வெட்டிவிட்டேன். அடுத்து, அம்மையே போடாத உன் அண்ணிக்கு வருமோ என்னவோ, ரெண்டு மூணு வாரம் பொறுத்துக்கூடக் கிளம்புமாம். இங்கே எல்லாருக்கும் பொருக்கு உதிர்ந்து அடங்கும்போது நீ ரயில் ஏறுகிற நிலையில் இருக்க மாட்டாய்.

உனக்கு அம்மை போட்டதேயில்லை, அது பெற்ற எனக்குத் தெரியும். எதிர்வீட்டுக் குழந்தையம்மாளின் மருமகள் மாசமாக இருக்கும்போது அம்மை போட்ட வீட்டில் போய்ப் படுத்துவிட்டு வந்தாள். பிரசவ வலியும் கொப்புளமும் ஒன்றாக வந்தன. பிறந்த பிள்ளைக்கும் வந்தது, பேர் வைப்பதற்குள் குழி தோண்டினோம். நான்தான் துணியில் சுற்றிக் கொடுத்தேன். உன்னைப் பயமுறுத்தத்தான் எழுதுகிறேன், பயப்படு.

அங்கே டாக்டரிடம் எனக்கு அம்மை போட்டதில்லை என்று சொல்லி வை. அம்மை கண்டவர்கள் பக்கத்தில் இருக்க நேர்ந்தால், கொப்புளம் வரட்டும் என்று காத்திராமல் அன்றைக்கே அந்த டாக்டரிடம் ஓடு. இதற்குத் தடுப்பூசி இருக்கிறதாம், ஆனால் வயிற்றில் பிள்ளை இருக்கும்போது போடக் கூடாதாம், பெற்றபிறகு கேட்டுப் போட்டுக்கொள். தலைப்பிரசவம் பார்க்க வக்கில்லாத ஊடு என்று உன் மாமியார் ஏசுவார். ஏசட்டும், எதிர்த்து வாய் கொடுக்காதே, அந்தம்மாதான் உனக்குப் பத்தியம் வைக்க வேண்டும்.

இன்னொன்றும் செய்திருக்கிறேன். அக்கி ஒட்டும் என்று உங்கப்பா இன்னமும் நம்பவில்லை. புள்ள வரட்டும், ஒத்தக் கண்ணுலயாச்சும் பாத்துக்கறேன் என்று உன் பேரையே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ஒரு தரம் வா சாமி என்று கூப்பிட்டால் நீ அடுத்த வண்டியில் ஏறிவிடுவாய். அதனால் நேற்று அவரிடம், உங்க மவ வரமாட்டாளாமுங்க, அப்பன் மூஞ்சியப் பாக்கவே அருவருப்பா இருக்குதுன்னு சொல்லிப்போட்டா என்று சொல்லிவிட்டேன். அப்படியா சொன்னா என்று ஒரே ஒரு தரம் கேட்டார். நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை, உன் பேரையும் எடுக்கவில்லை.

மாரியாத்தா உன்னையும் பிள்ளையையும் காப்பாற்றட்டும், நல்லபடியாகப் பெற்றெடு. ஞாபகம் வைத்துக்கொள், உங்கப்பா போன் பண்ணி அப்படிச் சொன்னியா கண்ணு என்று கேட்டால், ஆமாங்கப்பா என்று சொல்லிவிட்டு வைத்துவிடு.

உன் அம்மா,
வெ. மருதாள்