மூன்றாவது பையும் நான்காவது பையும்

மார்ச் 4, திங்கள்

பசு சிவப்பி நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். மலையடி மேய்ச்சல் நிலம் வெடித்துக் கிடக்கிறது. பிளவில் குளம்பு மாட்டியிருக்கும். மழை நின்றால் போதும், அந்தக் களிமண் வாயைப் பிளந்துவிடும். போன வருஷம் என் செருப்பு ஒன்றை விழுங்கியது. மற்றதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அதையும் அதற்கே போட்டுவிட்டேன்.

நாளை சௌமியாவின் ஆபீஸ் நம் மேய்ச்சல் நிலத்தில் மண் பார்க்க வருகிறதாம். குழி வெட்ட ஆள் வேண்டுமாம். "அப்பா, நீங்க வாறீங்களா? மண்டல் சார்கிட்ட உங்க பேரத்தான் குடுத்திருக்கேன்" என்றாள். மகள் அப்பனைச் சிபாரிசு செய்கிற காலம் வந்துவிட்டது. மீசையைத் தடவிக்கொண்டேன். மீசை கிடையாது, அது இருந்திருக்க வேண்டிய இடத்தை.

மார்ச் 5

மண்டல் சார் சௌமியாவுக்கு மேலதிகாரி. வங்காளி, நல்ல மனுஷன், தொப்பியைக் கழற்றவே மாட்டார். இரண்டு குழி என்றார். கீழ்ச்சரிவில் ஒன்று, மேல்சரிவில் ஒன்று.

கீழ்க்குழியில் எல்லோரும் நின்றார்கள். நான் வெட்ட, சௌமியா உள்ளே இறங்கி, சுவரைக் கத்தியால் சீவிச் சீவிப் பார்த்தாள். மேலே கறுப்பு, முழங்காலுக்குக் கீழே மஞ்சள். ஒரு சிட்டிகை மண்ணைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கட்டை விரலால் தள்ளித் தள்ளி நாடா மாதிரி நீட்டினாள். எவ்வளவு நீளம் அறுந்து விழாமல் போகிறதோ அவ்வளவு களி இருக்கிறதாம். நானும் செய்து பார்த்தேன். என்னுடையது சீக்கிரம் அறுந்தது. பத்தாம் வகுப்பில் கணக்கும் இப்படித்தான் அறுந்தது.

நாலு ஆழத்தில் நாலு பை. அடியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். மேலிருந்து எடுத்தால் மேல்மண் உதிர்ந்து கீழ்மண்ணோடு கலந்துவிடும்.

மத்தியானம் பக்கத்து ஊரிலிருந்து போன் வந்தது. ஜீப் கிளம்பியது. "மேல்குழிய நீங்களே வெட்டிருங்கப்பா. இடுப்புக்கு மேல ஆழம் வேணும். கீழேருந்து மேல, மறந்திறாதீங்க. போட்டோ எடுங்க."

முழங்கால் வரை போனேன். அதற்குக் கீழே கடப்பாரை 'ணங்' என்று திரும்பி என் முகத்தைப் பார்த்தது. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். மேலே இருக்கிறதும் மண், கீழே இருக்கப் போகிறதும் மண். மேலிருந்து எண்ணினால் முதல் இரண்டு பையையும் ஒழுங்காக எடுத்தேன். மூன்றாவது பைக்கும் நான்காவது பைக்கும் அதே கறுப்பையே அள்ளிப் போட்டுச் சீட்டைக் கட்டினேன். குழியையும் மூடிவிட்டேன்.

ஜீப் திரும்பி வந்தபோது மண்டல் சாருக்கு ஒரே சந்தோஷம். "அரே வாஹ்! குழிய மூடிட்டியா? பஹுத் அச்சா! எல்லாரும் தொறந்து போட்டுட்டுப் போவான், காய், மாடு உள்ள விழும்." மாட்டுக்காக மூடினேன் என்று நானும் தலையாட்டினேன்.

"போட்டோப்பா?" என்றாள் சௌமியா.

"போன்ல சார்ஜ் போயிருச்சும்மா."

சார்ஜ் இருந்தது. மர நிழலில் அதில்தான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுதும்போது சிரிப்பு வருகிறது.

மார்ச் 6

இடுப்பைப் பிடித்துக்கொண்டது. முழங்கால் ஆழத்துக்கே இந்தக் கதி.

மார்ச் 19

சிரிப்பு நின்றுவிட்டது.

சாயங்காலம் சௌமியா லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் குழியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். திடீரென்று கேட்டாள்: "அப்பா, மேல்குழியில ஆழத்துல கட்டிய ஒடச்சப்ப, மொகம் பளபளன்னு இருந்திச்சா? தேய்ச்சு மெழுகின மாதிரி? கோடு கோடா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பார்க்கவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். அவள் கண்ணில் அப்படி ஒரு ஆசை. பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கிறது. இருக்கிறது என்று சொன்னால் என்ன குறைந்துவிடப் போகிறது?

"ஆமாம்மா. கண்ணாடி மாதிரி."

கண்ணாடி மாதிரி! கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிட்டேன். கை தாராளம்.

அவள் அதை எழுதிக்கொண்டாள்.

ஏப்ரல் 8

ஆபீஸிலிருந்து பரிசோதனை முடிவு வந்திருக்கிறது. சௌமியா போர்ட் பிளேர் ஜங்லிகாட் கடைத்தெருவில் இறங்கி ஸ்வீட் வாங்கிக்கொண்டு வந்தாள். என் மனைவி விஜயகுமாரி சாமி படத்துக்கு முன்னால் வைத்த பிறகுதான் எனக்குக் கொடுத்தாள்.

விஷயம் இதுதான். கீழ்க்குழி எல்லா இடத்தையும் போலச் சாதாரணம். மேல்குழிதான் அதிசயமாம். மேலிருந்து அடி வரை ஒரே மண். அது எப்படி ஆகும் என்றால், வெயிலில் வெடிக்கும்போது மேல்மண் பிளவுக்குள் விழுகிறது. மழையில் ஊறி உப்பும்போது அடிமண் மேலே தள்ளுகிறது. கட்டியும் கட்டியும் உரசிக்கொண்டு பளபளக்கும். இப்படியே வருஷக்கணக்காகத் தன்னைத் தானே புரட்டிப் புரட்டி மேலும் கீழும் ஒன்றாகிவிட்டதாம். அந்த மாதிரி மண்ணுக்குத் தனி வகை, தனிப் பேர். இந்தப் பக்கத்து மலையடியில் யாரும் இதுவரை சொன்னதில்லையாம்.

"மண்டல் சார் மொதல்ல நம்பவே இல்லப்பா. பளபளப்ப எழுதியிருந்தேன்ல, அதப் பாத்துத்தான் ஒத்துக்கிட்டாரு."

கையில் இருந்த பாதி ஸ்வீட்டைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன்.

பக்கத்து வீட்டு ஒச்சம்மா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "என்ன பெரியதம்பி அண்ணே, நம்ம நெலம் தன்னால உழுதுக்குதாமே? எங்க கொல்லையையும் ஒரு சால் ஓட்டச் சொல்லுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் ரொம்பச் சத்தமாகச் சிரித்தேன்.

ஏப்ரல் 9

பால் கறக்கும்போது சிவப்பி திரும்பி என்னைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் அங்கேதான் மேய்ந்துகொண்டிருந்தாள்.

ஏப்ரல் 16

மே 10ஆம் தேதி போர்ட் பிளேரில் கூட்டம். மெயின்லாண்டிலிருந்து பெரிய பெரிய ஆட்கள் கப்பலிலும் பிளேனிலும் வருகிறார்கள். அதில் என் மகள் எழுந்து நின்று பேசப் போகிறாள். இப்போது அவளுக்குத் தற்காலிக வேலைதான். இந்தப் பேச்சு நல்லபடியாக அமைந்தால் மேலே படிக்க வெளியே அனுப்ப மண்டல் சார் எழுதிக் கொடுக்கிறாராம்.

கடைசியில் நன்றி சொல்கிற படத்தில் என் போட்டோவும் வருகிறதாம். கையில் மண்வெட்டியோடு.

இன்று பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் கூடவே கிளம்பினேன். வாயைத் திறந்தேன். "ஜன்னல சாத்தவாம்மா, காத்து அடிக்குதா?" என்று கேட்டேன். அவள் ஜங்லிகாட்டில் எனக்கு ஒரு வெள்ளைச் சட்டை எடுத்துக் கொடுத்தாள். "மொத வரிசையில ஒக்காரணும் நீங்க."

கட்சால் தீவுத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய காலத்தில், மரத்தைத் தவறவிட்டால் கங்காணி எல்லோர் முன்னாலும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அப்போதுகூடத் தலையைக் குனிந்ததில்லை நான், ஒரு மரத்தையும் விட்டதில்லை என்பதால். சொந்தப் பிள்ளைக்கு வெட்டிய ஒரே குழியில் விட்டேன்.

ஏப்ரல் 17

ஒரு பைதானே. இல்லை, இரண்டு. யாருக்கு என்ன நஷ்டம்? மண் போய்ப் புகார் கொடுக்குமா? யார் மறுபடி வெட்டிப் பார்க்கப் போகிறார்கள்—

ஆனால் பொய்யைச் சொன்னது நான். நின்று சொல்லப் போகிறது அவள். அதுவும் இங்கிலீஷில்.

ஏப்ரல் 21, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலையில் கூடத்தில் எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசிப் பழகினாள். விஜயகுமாரிக்குப் புரியவே இல்லை, ஆனாலும் ஒவ்வொரு படத்துக்கும் கை தட்டினாள். மூன்றாவதோ நாலாவதோ படத்தில் குழியின் சித்திரம். சௌமியாவே வரைந்தது. அடியில் சாய்வாகக் கோடு கோடாகப் போட்டிருந்தாள்— நான் சொன்ன பளபளப்பு. நான் இல்லாததைச் சொல்ல, பிள்ளை அதைப் பொறுமையாக உட்கார்ந்து வரைந்திருக்கிறது. ஒவ்வொரு கோடாக.

"நிறுத்தும்மா" என்றேன். "நான் அவ்வளவு ஆழம் வெட்டவே இல்ல. எதையும் பாக்கவும் இல்ல. மேல்மண்ணத்தான் போட்டேன்."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. நோட்டை எடுத்துப் பிரித்தாள். பிறகு, "எத்தனாவது பையிலேருந்துப்பா?" என்றாள்.

"மூணாவது."

"நாலாவது?"

"அதுவுந்தான்."

"மொத ரெண்டும்?"

"அது சத்தியமா சரிம்மா."

என் வாயில் சத்தியம் என்ற வார்த்தை எனக்கே அசிங்கமாகக் கேட்டது. அவள் லேப்டாப்பை மெதுவாக மூடினாள்.

ஏப்ரல் 22

டீ குடிக்காமல் முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 24

விஜயகுமாரி இரண்டு நாளாகப் பேசாமல் இருந்து இன்றைக்குப் பேசினாள். "பொய் சொல்லணும்னு இருந்தா எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல? நான் பழகினவ. அது புள்ளங்க, நீங்க சொல்றதெல்லாம் நெசம்னு நம்பிக்கிட்டுத் திரியுது."

எழுந்து போய்ச் சிவப்பிக்குத் தண்ணீர் காட்டினேன். நல்ல வசனம் வேறு.

மே 3

மேல்குழியை மறுபடி வெட்டினார்கள். வேலைக்குச் சுதாகர் என்கிற பையனைக் கூட்டி வந்திருந்தாள். என்னைக் கூப்பிடவில்லை. மாட்டை ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி போனேன்.

சுதாகரும் முழங்கால் ஆழத்தில் நின்றான். கடப்பாரை அவனுக்கும் 'ணங்' என்றது. அவன் தண்ணீர் ஊற்றி, ஊறவிட்டு, பீடி குடித்துவிட்டு மறுபடி வெட்டினான். அவ்வளவுதான் வித்தை.

முழங்காலுக்குக் கீழே மஞ்சள். அதற்கும் கீழே மஞ்சளில் சாம்பல் புள்ளி. கீழ்க்குழியைப் போலவே. பளபளப்பும் இல்லை, கோடும் இல்லை. மேலே இருக்கிற களி மழைத்தண்ணீரோடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி அடியில் படிந்த மண்ணாம். இந்தப் பக்கம் எங்கேயும் இருக்கிற வகைதான். மேலே ஒரு முழம் வெடிக்கிறது, அவ்வளவுதான். தன்னைத் தானே புரட்டுகிற வேலையெல்லாம் அதற்குத் தெரியாது. எனக்குத்தான் தெரிந்திருக்கிறது.

மண்டல் சார் தொப்பியைக் கழற்றினார். சௌமியாவைப் பார்த்து, சுதாகர் முன்னாலேயே, ஹிந்தியில் ஒரு பிடி பிடித்தார். "ஆங்க் ஸே நஹீன் தேகா, தோ லிக்கா க்யோன்? கண்ணால பாக்காம எப்படி எழுதின? பைல வந்த கட்டிய நீயே ஒடச்சுப் பாத்தேன்னுல்ல நெனச்சேன். கொலைய நேர்ல பாத்த ஆள் மாதிரி சாட்சி எழுதியிருக்க!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் பேரை அவள் சொல்லவே இல்லை. தான் பார்க்காமல் எழுதியதாக மட்டும் சொல்லியிருக்கிறாள்.

முன்னால் போனேன். "சாப், கல்தி மேரா, தப்பு என்னோடது—"

"அப்பா, நீங்க சும்மா இருங்க" என்றாள், குழிக்குள்ளிருந்து, நிமிராமல். "பாத்தேன்னு எழுதினது நான்தானே."

இந்த வயசில் அழுதால் மாடுகூட மதிக்காது. ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மே 4

மண்டல் சாரின் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டார். டீ கொடுத்தார். "உன் பேட்டி, உன் பொண்ணு, முதல் நாளே உன்னைச் சொல்லியிருந்தா அவளுக்கு லேசா போயிருக்கும்" என்றார். இனி அவர் குழி எதிலும் என்னைப் பார்க்க விரும்பவில்லை என்பதையும் மரியாதையாகச் சொன்னார். டீ நன்றாக இருந்தது. பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

மே 10

கூட்டம் நடந்தது. வேறு யாரோ வேறு தீவின் மண்ணைப் பற்றிப் பேசினார்களாம். சௌமியா பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டு வந்தாள். மேல்படிப்புக்கு எழுதிக் கொடுப்பதை மண்டல் சார் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றுவிட்டார்.

வெள்ளைச் சட்டை பீரோவில் இருக்கிறது. போடவும் முடியவில்லை, யாருக்காவது கொடுக்கவும் முடியவில்லை.

ஜூன் 2

மழை. மேய்ச்சல் நிலத்தில் பிளவெல்லாம் மூடிக்கொண்டது. வீட்டில், "சாப்பிட்டீங்களாப்பா", "சாப்பிட்டேம்மா". அதோடு சரி.

ஆகஸ்ட் 18

அவளும் அம்மாவும் அடுப்படியில் என்னமோ பேசிச் சிரித்தார்கள். நான் உள்ளே போனேன். சிரிப்பு நிற்கவில்லை, கொஞ்சம் குறைந்தது. முன்பெல்லாம் அடியோடு நின்றுவிடும்.

டிசம்பர் 9, திங்கள்

காலையில் சௌமியா பூட்ஸ் போட்டுக்கொண்டே, "இன்னிக்கி என்ன வேலை ஒங்களுக்கு?" என்று கேட்டாள். மாட்டுக்குப் புல் அறுக்க வேண்டும் என்றேன். "அது அம்மா பாத்துக்கும். வாங்க" என்றாள். மண்டல் சாருக்குத் தெரியுமா என்று கேட்டேன். "கேட்டுட்டேன்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்த ஊர் மலைச்சரிவு. குழியைச் சுதாகர்தான் வெட்டினான். பையை அவள்தான் கட்டினாள். என்னை மேலே, விளிம்பில் மண்டி போடச் சொல்லி அளவு நாடாவின் ஒரு நுனியைக் கொடுத்தாள். அவள் மறுநுனியோடு குழிக்குள் இறங்கினாள். என் கையில் இருந்தது பூஜ்ஜியம் போட்ட நுனி. என் மார்க் எனக்குத் தெரியாதா?

"அங்கேயே புடிங்கப்பா. அசைஞ்சிறாதீங்க."

வெயில் ஏறியது. அவள் சுவரைச் சீவி, நிறத்தைப் பார்த்து, அளவைப் படித்து, எழுதி, மறுபடி சீவினாள். முழங்கால் இரண்டும் மரத்துப்போயின. நெற்றியில் ஈ உட்கார்ந்தது.

நான் அசையவில்லை.