உங்கள் பங்குக் காப்பி

சீனியைக் குறைக்கச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என் அன்பான அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. ஈப்போவில் மாலையானால் மழை கொட்டுகிறது. நம் தாமான் குடியிருப்புச் சாக்கடை இன்னும் அடைத்துக்கொள்கிறது. உங்கள் காப்பி மெஷினும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தினமும் காலையில் அம்மா அதில் காப்பி போட்டு, முதல் கோப்பையை உங்கள் படத்துக்கு முன்னால் வைக்கிறார். படைத்ததைக் கொட்டக் கூடாதாம். ஆறியதும் நான்தான் குடிக்க வேண்டும்.

அந்த மெஷின் என் முதல் சம்பளத்தில் வந்தது, ஞாபகம் இருக்கிறதா? தாப்பா ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தை விட்டு வந்தபோது நீங்கள் கையோடு கொண்டுவந்த துணி வடிகட்டியை, கறுத்துப்போயிருக்கிறது, கிருமி இருக்கும் என்று, உங்களைக் கேட்காமலே குப்பையில் போட்டேன். சுத்தத்தைப் பற்றி உங்களுக்கே பாடம் நடத்தினேன். என்ன வாய் எனக்கு! நீங்கள் ஒரு மிடறு குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு லா" என்றீர்கள். அப்புறம் ஆறு வருடம் அதில்தான் குடித்தீர்கள்.

போன மாதம் கைப்பேசியில் ஒரு செய்தி படித்தேன். சுடுதண்ணீர் பட்டால் பிளாஸ்டிக்கிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உதிர்ந்து காப்பியில் கலக்குமாம். உடம்புக்குள் போய் அவை என்ன செய்யும் என்று இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியவில்லையாம். ஓடிப்போய் மெஷினைப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி, மூடி, புனல், எல்லாமே பிளாஸ்டிக். புனல் வெளுத்துப்போய், விளிம்பில் ஒரு துண்டைக் காணோம். அது எங்கே போனது அப்பா?

உங்களைக் கொண்டுபோனது மாரடைப்பு. கிளினிக் டாக்டரிடம் கேட்டேன். இரண்டையும் முடிச்சுப் போட வழியில்லை, வீணாக மனதைக் குழப்பிக்கொள்ளாதே என்றார். புத்திக்குப் புரிகிறது. காலையில் கோப்பையைப் பிடிக்கும் கைக்குப் புரியவில்லை.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அவரும் அதில்தான் குடிக்கிறார். கண்ணாடியில் செய்த காப்பி வடிப்பான் ஒன்று வாங்கிவந்தேன். அப்பா சாமான் இருக்கும்போது இது எதற்கு என்று அலமாரி மேலே ஏற்றிவிட்டார். மெஷினை ஒளித்துவைத்தேன், நாள் முழுக்க அழுதார். நானே எடுத்துக் கொடுத்தேன்.

நேற்று தாங்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா புனலைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அப்பாவுக்கு மொத நாளே பிடிக்கல. பிளாஸ்டிக் வாடை அடிக்குதுன்னாரு. புள்ள ஆசையா வாங்கினது, சொல்லிறாதேன்னு என் வாயக் கட்டிட்டாரு."

"அப்போ தூக்கிப் போட்டுருவோம்மா."

"இப்ப தூக்கிப் போட்டா, அவரு ஆறு வருஷம் பல்லக் கடிச்சிக்கிட்டு குடிச்சதுக்கு என்ன அர்த்தம்?"

எனக்கு உங்கள் மேல் கோபம்தான் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என் முகம் கொஞ்ச நேரம் சுருங்கியிருக்கும், அவ்வளவுதானே?

நாளைக்குப் பாசார் சந்தையில் ஒரு துணி வடிகட்டி வாங்கிவருகிறேன். அம்மா அழுதாலும் சரி, இனி உங்கள் கோப்பையை நான்தான் வடிப்பேன். இது சத்தியம். சொல்லிவிட்டேனே தவிர, அம்மா முகத்தைப் பார்த்தால் கை ஓடுமா என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
இன்று காலையும் உங்கள் பங்கை மறுபேச்சில்லாமல் குடித்துவிட்ட,
உங்களையே உரித்துவைத்த மகள்.