சாப்பாட்டு பீரோவில் இருந்தவளுக்கு

மன்னித்துக்கொள். கடிதம் என்றாலே உனக்குக் கொட்டாவி வரும். "இவ்ளோ நீட்டாவா? வாய்ஸ் அனுப்புலா" என்பாய். ஆனால் முக்கியமான எதையும் சொல்லப்போகும்போது என் குரல் உள்ளே போய்விடும் என்பது உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

இன்று காலை பட்டச் சான்றிதழை எடுக்க அம்மாவின் இரும்பு பீரோவைத் திறந்தேன். பாச்சை உருண்டை மணத்தோடு உன் மஞ்சள் டி-சட்டை மேலாக இருந்தது. நீ போன பிறகு உன் அம்மா கொடுத்தது. முதுகில் 'சாப்பாட்டு பீரோ' என்ற எழுத்து பாதி உதிர்ந்திருந்தது.

"வீட்டு பீரோவுல சேலை இருக்கு, சங்கத்து பீரோவுல வெங்காயம்தான் இருக்கு" என்று அண்டாவைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாயே. மலாய் மொழியில் ஒவ்வொரு பணிக்குழுவையும் 'பீரோ' என்பார்கள்; அந்தச் சொல்லை நம் ஜெலுத்தோங் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கமும் எடுத்துக்கொண்டது. விளையாட்டு பீரோ, கல்வி பீரோ, சாப்பாட்டு பீரோ. பெண்களுக்கு எப்போதும் கடைசியது.

நான் அந்தச் சொல்லை அகராதியில் தேடிவந்து உனக்குச் சொன்னேன். பிரெஞ்சில் அது முதலில் ஒரு முரட்டுத் துணியாம், எழுதும் மேசைமேல் விரிப்பது. பிறகு மேசைக்கே அந்தப் பெயர் வந்தது. அப்புறம் மேசை கிடந்த அறைக்கு, அங்கே உட்கார்ந்து உத்தரவு போடும் அலுவலகத்துக்கு. நீ தேய்ப்பதை நிறுத்தி நிமிர்ந்தாய். "பாத்தியாடி, துணியே ஆபீசர் ஆயிருச்சு. நான் வெங்காயத்த விட்டு எந்திரிக்கக் கூடாதா?"

அந்த மாதமே கல்வி பீரோவைக் கேட்டாய். சங்கத் தலைவர் சிரித்தபடி, "அதுக்கு டிகிரி வேணும்மா. நீ பேக்டரில இருக்க" என்றார். பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

பாயான் லெப்பாஸ் பேக்டரியில் வாரமெல்லாம் வேலை பார்த்துவிட்டு, சனிக்கிழமைகளில் இந்த மாடிப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவள் நீ. கல்வி பீரோவில் இருந்தவர்கள் ஒருவரும் அதைச் செய்யவில்லை. முதலில் நிரப்பியது என்னுடையதை. ஒரே வகுப்பில் படித்தோம். உன் அப்பா நோயில் படுத்துவிட்டதால் நீ வேலைக்குப் போனாய். எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த விண்ணப்பம் புரியவில்லை, எனக்கு எங்கும் இடம் கிடைக்காது என்று நானும் விட்டுவிட்டேன். கடைசி நாளன்று என்னை இழுத்துப்போய் உட்காரவைத்து நீயே தட்டச்சு செய்தாய். பிறகு சத்தியம் வாங்கினாய்: "யார்கிட்டயும் சொல்லாத. நான் படிக்க வச்சேன்னு பேசுவாங்க. மார்க் எடுத்தது நீ."

மூன்று நாள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. நேற்று தலைவர் அழைத்தார்.

"உன் கூட்டாளி எடம் காலியா கெடக்கும்மா. சாப்பாட்டு பீரோவ நீ பாத்துக்க."

"வேணாம் அண்ணே. நான் கல்வி பீரோவுக்கு நிக்கிறேன்."

"நீயா? நீ பேசவே மாட்டியேம்மா!"

"இப்ப பேசிக்கிட்டுதானே இருக்கேன்?"

போனை வைத்த பிறகும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அவர்கள் கேட்கும் பட்டம் என்னிடம் இருக்கிறது. அதை மட்டும் காட்டி அந்த இடத்தில் உட்கார்ந்தால், உன்னைத் தள்ளிவைத்த விதி சரிதான் என்று நானே கையெழுத்துப் போட்டதாகும். போடமாட்டேன். அந்த விதியை முதலில் எடுங்கள் என்று எழுந்து நின்று கேட்கப்போகிறேன். தோற்றால் தோற்கிறேன். ஏன் எடுக்கவேண்டும் என்பார்கள். என்னிடம் ஒரே ஒரு பதில்தான் உண்டு, அதைத்தான் நீ பூட்டிவைத்துவிட்டாய்.

இதைக் கேட்கத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். அந்தச் சத்தியத்தை ஒரு தடவை மீற விடு. என்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது யார் என்று அத்தனை பேர் முன்னாலும் உன் பெயரைச் சொல்லட்டுமா?