ஏணியில் நின்று எழுதிய சொல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. அம்மாவும் நானும் சித்தியும் உடம்பளவில் சுகம், மற்றது படிக்கப் படிக்கத் தெரியும். நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் அண்டாமல் இருக்க ஆண்டவரிடம் தினமும் கேட்டுக்கொள்கிறோம். முதலில் உன் அப்பாவின் லட்சணத்தைக் கேள். போன வாரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே புதிதாக வந்திருக்கும் பல் டாக்டருக்கு போர்டு எழுதினேன். ‘பல் மருத்துவமனை’ என்பதை ‘பால் மருத்துவமனை’ என்று எழுதி, நிழல் கொடுத்து, மஞ்சளில் பார்டர் கட்டி, கீழே இறங்கி நின்று நானே ஒரு தரம் ரசித்துவிட்டும் வந்துவிட்டேன். மறுநாள் ஒரு அம்மா பாத்திரத்தோடு போய் அரை லிட்டர் போதும் தம்பி என்றாளாம். டாக்டர் நேரே என் கடைக்கு வந்து, உங்க பல்லு ஒண்ணைப் பிடுங்கினாத்தான் சார் என் மனசு ஆறும் என்றார். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன், தெரு முழுக்க நானே சொல்லியும் திரிந்தேன். இத்தனை வருஷமாக அப்படித்தான், சின்னத் தப்பு என்றால் ஆளைக் கூட்டி வைத்துச் சொல்லிவிடுவேன். பெரிதாக ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதம். ஃபோனில் சொல்லலாம் என்றால் நம் வீட்டில் அதை ஸ்பீக்கரில் போட்டு மூன்று பேர் சுற்றி உட்கார்ந்துகொள்கிறோம், அந்த மூன்றில் ஒருத்தி உன் சித்தி.

எங்கள் சபையும் இரண்டாகிவிட்டது, நீ எந்தப் பக்கம் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள், பேசாமல் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே ஜெபம் பண்ணிக்கொள்ளவா அப்பா என்று எழுதியிருந்தாய். பதில் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனால் சித்தப்பாவுக்கு இருந்தது, அதனால் அவன் கதையையே சொல்கிறேன். அவன் செத்துப்போன சேதி உனக்குத் தெரியும், எப்படிச் செத்தான் என்பது தெரியாது. பழைய போதகரை மாற்றியபோது இங்கே புகைச்சல் ஆரம்பித்தது உனக்கு நினைவிருக்கும். அவரே இருக்கட்டும் என்று ஒரு கூட்டம், அதற்குத் தலைவர் நம் ‘மைக்’, கையில் மைக்கைக் கொடுத்தால் பேட்டரி தீர்ந்தாலும் திருப்பித் தராத அதே மனுஷன். போகட்டும் என்று இன்னொரு கூட்டம், அதற்குத் தலைவி உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர். சித்தப்பா சபைச் செயலாளர். வாசலில் நுழைகிறவன் கண்ணில் படட்டும், கொஞ்சம் சூடு தணியட்டும் என்று கதவுக்கு மேலே ஒரு போர்டு வைக்கலாம் என்றான். ‘இது நமது ஆலயம்’, மூன்றே சொல். ஒரு சீட்டில் எழுதி என் சட்டைப் பையில் வைத்தான். நான் ஏணியில் நின்று எழுதிக்கொண்டிருந்தபோது உள்ளே ஆராதனை நடந்தது. ‘இது’ முடித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் பிரஷ்ஷைத் தோய்க்கிறேன், உள்ளே எல்லோரும் ஒரே குரலில் எங்கள் பிதாவே என்றார்கள், ஏணியில் நின்றபடி நானும் சொன்னேன், வாய் சொன்னதைக் கை எழுதிவிட்டது. ‘இது எங்கள் ஆலயம்.’ பால் மருத்துவமனையைப் போலவே இதையும் கீழே நின்று ரசித்தேன்.

ஆராதனை முடிந்து வெளியே வந்த டீச்சர் தலையைத் தூக்கிப் பார்த்தார். எங்கள் ஆலயமா, அப்ப நாங்க யாரு, வாடகைக்கு வந்தவங்களா என்றார். அவ்வளவுதான். இது செயலாளரின் வேலை, அவர் மைக் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. மைக் கூட்டமோ, ஆமாய்யா எங்க ஆலயம்தான், போர்டுல கை வச்சா கையிருக்காது என்று வாசலில் ஆள் நிறுத்தியது. எழுத்து அழகாயிருக்கிறது என்பதை மட்டும் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டார்கள், எங்கள் சபையில் கடைசியாக எல்லோரும் சேர்ந்து ஒத்துக்கொண்டது அதுதான். சித்தப்பா கடைக்கு வந்தான். என்னைப் பார்த்தான், சீட்டு இருந்த என் பையைப் பார்த்தான், விடுண்ணே, ஒரு சொல்லுதானே என்றான். கமிட்டியில் வாசகம் கொடுத்தது யார் என்று கேட்டபோது, பொறுப்பு என்னுது என்று மட்டும் சொன்னான். சின்ன வயதில் நான் உடைத்த கண்ணாடிக்கும் அவன்தான் உதை வாங்கினான், அது அவனுக்குப் பழகிவிட்டது, எனக்கும் பழகிவிட்டது.

பதவியைப் பிடுங்கினார்கள், திருவிருந்தில் அவனுக்கு அப்பமும் ரசமும் இல்லை என்றார்கள். பிறகு காலை எட்டு மணி டீச்சருக்கு, பத்து மணி மைக்குக்கு என்று ஆராதனையையும் பாகம் பிரித்தார்கள். பாடகர் குழுவில் பெண்களெல்லாம் எட்டு மணி, ஆண்களெல்லாம் பத்து மணி, எட்டுக்குக் குயில் கூவும், பத்துக்கு மாடு கத்தும். சித்தப்பா இரண்டுக்கும் போனான். ஒரே பெஞ்சு, கடைசிப் பெஞ்சு, நடுவில் இருந்த அரை மணி நேரம் வெளியே குழாயடியில் நிற்பான். அவன் வந்து உட்கார்ந்தால் அந்தப் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து முன்னால் போவார்கள். தையல்காரர் ஒரு நாள் அவன் உட்கார்ந்து எழுந்த இடத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார், பக்கத்தில் நாலு பேர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். நான் எட்டு மணிக்கு மட்டும் போவேன், முன் வரிசையில். என்னை இரண்டு கூட்டத்துக்கும் பிடிக்கும், நான் தமாஷ் ஆள்.

அப்புறம் அவனுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வலது கை வராது, பேச்சு குழறும். ஒன்றே ஒன்றுதான் கேட்டான், போகிறதுக்கு முன்னாடி ஒரு தரம் திருவிருந்து. மைக்கிடம் சித்தி போய் அழுதாள், எங்க பக்கம்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க, எங்க ஊழியக்காரரை நானே கூட்டிட்டு வர்றேன் என்றார் அவர். ரெண்டு பக்கமும் என் பக்கம்தான்னு சொல்லிடு என்று சித்தப்பா சொல்லி அனுப்பினான். டீச்சரின் கமிட்டி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடியது, நானும் போனேன். ‘எங்கள்’ என்று எழுதக் கொடுத்தது தப்பு என்று மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் நாளைக்கே போதகரை அனுப்புகிறோம் என்றார் டீச்சர். கை வராதே என்றேன். தையல்காரர், கட்டை விரல் வருமில்ல, மை டப்பா நான் தர்றேன் என்றார். சீட்டு என் பையில்தான் இருந்தது, அன்றைக்கென்றே எடுத்துப் போயிருந்தேன். எழுந்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஃபேனைக் கொஞ்சம் போடுங்கப்பா, வேகுது என்றேன். சிரித்தார்கள் மகளே. நானும் சிரித்தேன். வியாழக்கிழமை அவன் போய்விட்டான், கட்டை விரலையும் வைக்கவில்லை, அப்பத்தையும் தொடவில்லை.

கல்லறைத் தோட்டம் சபைக் கமிட்டியின் கையில், அதனால் சிலுவையில் என்ன எழுதுவது என்பதையும் டீச்சர்தான் பார்ப்பார். ‘நமது சகோதரர்’ என்று எழுதலாமா என்று கேட்டேன். நமது எதுக்கு, அவர் நம்ம சபையில இல்லையே, ‘எங்கள்’னே போட்டுக்கோங்க, உங்க குடும்பத்துக்கு அது பிடிச்ச வார்த்தைதானே என்றார். எழுதினேன். இந்தத் தடவை எழுத்துப் பிழை இல்லை. குழிக்கு இந்தப் பக்கம் எட்டு மணிக்காரர்கள், அந்தப் பக்கம் பத்து மணிக்காரர்கள், ஒருவர் பாட்டை ஒருவர் அமுக்கப் பாடினார்கள், சித்தியின் அழுகை யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் எங்கள் பிதாவே மட்டும் சேர்ந்து வந்தது, அதற்கு வேறு ராகம் இல்லாததால். அப்போதுதான் எனக்கு உறைத்தது, ஆண்டவரைப் பார்த்து ‘எங்கள்’ என்றால் குழிக்கு இரண்டு பக்கமும் நிற்கிறவர்களும் குழிக்குள் கிடக்கிறவனும் அதில் அடக்கம், அதையே மனுஷனைப் பார்த்துச் சொன்னால் ஒருத்தன் வெளியே நிற்கிறான்.

ஆகவே வீட்டில் உட்காராதே. இரண்டு பக்கத்துக்கும் போ, சித்தப்பா மாதிரி கடைசிப் பெஞ்சில் உட்கார். எழுந்து போகிறவர்கள் போகட்டும், நீ எழுந்து போகாதே. அப்பா மாதிரி எல்லோருக்கும் பிடித்தவளாக மட்டும் இருந்துவிடாதே, அதைவிடக் கொடுமை வேறில்லை. ஆண்டவர் உன் வாசற்படியையும் மாப்பிள்ளையின் வேலையையும் காத்து, சமாதானம் தரட்டும். குளிரில் ஈரத் தலையோடு வெளியே போகாதே என்று அம்மா சொல்லச் சொன்னாள். சித்திக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, அவள் தபால்காரரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா, போர்டு எழுதுகிறவன்

பி.கு. அந்தச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். யாரிடமும் காட்டாதே என்று எழுதி, பிறகு அடித்துவிட்டேன், நீயே முடிவு செய். அன்றைக்குக் குழியடியில் ஜெபம் முடிந்து ஆமென் சொன்னதும் இரண்டு பக்கமும் ஒரு நிமிஷம் சத்தமில்லாமல் நின்றார்கள். எல்லோரும் இருந்தார்கள், எல்லோருக்கும் கேட்டிருக்கும். நான் பையில் கையை விட்டுச் சீட்டைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள்ளேயே வைத்து விழுங்கியது இதுதான்: “என் தம்பி ‘நமது’ன்னுதான் எழுதிக் குடுத்தான். ‘எங்கள்’னு எழுதினது நான்.”