கேட்டில் கொட்டிய பை

அன்புள்ள பெரியவளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம், அதற்கு மேல் சொல்ல எனக்குப் பொய் வரவில்லை. தம்பி ஏன் மூன்று வாரமாகப் போனை எடுக்கவில்லை என்று கேட்டிருந்தாய். அவன் ஜெயிலில் இருக்கிறான் அம்மா. பிடித்துக் கொடுத்தது நான்தான்.

நான் காவல் நிற்கும் அடுக்குமாடியில் அவன் குழாய் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். பதினோராவது மாடியில் ஒரு வீடு, நாலு வருஷமாக யாரும் குடிவரவில்லை, அந்த வீட்டு முதலாளிக்கு அதுபோல இன்னும் எத்தனையோ. குழாய் இறுகிவிடக் கூடாதென்று வெள்ளிக்கிழமைதோறும் இவன் போய் ஆறு குளியலறையிலும் தண்ணீரை அரைமணி நேரம் சும்மா ஓடவிட வேண்டும். அதே நேரத்தில் இவன் பெண்டாட்டி வயிற்றுப் பிள்ளையோடு நம் தெருக் குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு நிற்பாள். இதை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான், பிறகு சிரிப்பது நின்றுபோனது, நான்தான் கவனிக்கவில்லை.

வேலைக்காரர்கள் வெளியே போகும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும், குடியிருப்பவர்கள் காட்ட வேண்டாம், அதுதான் கேட் சட்டம். மற்றவர்கள் மனம் கோணக் கூடாதென்று தினமும் உன் தம்பியைத்தான் முதலில் கூப்பிடுவேன், அவன் பையைத் தலைகீழாகக் கொட்டி, மற்றவர்களைப் பார்த்து, பாருங்கப்பா, என் பிள்ளைக்கும் இதேதான் என்பேன். பெருமை, வேறென்ன. அன்று அவன் வரிசையில் கடைசியாக நின்றான், அப்பா இன்னைக்கு மட்டும் விட்டுருங்க என்று மெதுவாகச் சொன்னான், விளையாடுகிறான் என்று நினைத்துப் பையைப் பிடுங்கிக் கொட்டினேன். பளபளவென்று நாலு குழாய். மேனேஜர் பக்கத்திலேயே நின்றிருந்தார். ஏன்டா இப்படி என்றேன், ஆளில்லாத வீட்டுக்கு எதுக்குப்பா இத்தனை என்றான், அவ்வளவுதான். தப்பு தப்புதான், நான் மறுக்கவில்லை. முதலாளி காலில் விழுகிறேன், அவர் போன் நம்பர் கொடுங்கள் என்று மேனேஜரிடம் கெஞ்சினேன், அவருக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது, எதுக்குத் தொந்தரவு என்றுவிட்டார். புதுக் குழாய் மாட்டியாகிவிட்டது, வெள்ளிக்கிழமை வேறொருத்தன் போய்த் தண்ணீரை ஓடவிடுகிறான்.

அடுத்த மாதம் விசாரணை, முதல் சாட்சி நான். மாட்டேன் என்றால் வேலை போகும், மருமகள் பிரசவத்துக்கு இந்தச் சம்பளத்தை விட்டால் வேறு வழியில்லை. உன் அம்மா சாப்பாட்டை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், பேசி மூன்று வாரம் ஆகிறது.

நீ லீவு போட்டுக் கிளம்பி வராதே, வந்தும் ஒன்றும் ஆகப்போவதில்லை. அம்மாவிடம் மட்டும் போனில் பேசு, மறந்துவிடாதே. நீங்களாவது நன்றாக இருக்க வேண்டும், அதைத்தான் தினமும் கேட்டுக்கொள்கிறேன். ஞாயிறுதோறும் அவனுக்கு மாற்றுத் துணி கொண்டுபோகிறேன், அதே பையில்தான். ஜெயில் வாசலில் காவலர் கேட்பதற்கு முன்பே நானே அதைத் தலைகீழாகக் கொட்டிக் காட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா