மூன்றாவது ‘இங்கே’

பெர்கன், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அப்பா,

உங்கள் மூட்டுவலி தணிந்ததா? நான் நலம்.

உணவகத்தின் இணையப் பக்கத்தில் ‘மதிய உணவு’, ‘இரவு உணவு’ என்று நான் எழுதிய இணைப்புகளை முதலாளி ராக்ன்ஹில்ட் அழித்துவிட்டாள். இப்போது எல்லா இணைப்புக்கும் ‘இங்கே’ என்றே பெயர்.

“பார்வையில்லாதவங்க எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?” என்றேன்.

“அவங்க எங்கய்யா நம்ம பக்கத்துக்கு வரப்போறாங்க?” என்று சிரித்தாள்.

கண் போனபின் நீங்கள் தினமும் கைபேசி அந்தப் பக்கத்தை வாசிக்கக் கேட்பதைச் சொல்ல மனம் வரவில்லை. உங்கள் பக்கத்துத் தெருவிலிருக்கும் அண்ணன் அக்செல் வந்து வாசித்துக்காட்டப் போவதுமில்லை.

என் கம்பளிக் காலுறைகளை அனுப்ப முடியுமா?

இந்தக் கடிதத்தைப் போலவே அந்தப் பக்கத்தையும் கைபேசி வாசிக்கும்போது எண்ணிக்கொள்ளுங்கள். மூன்றாவது ‘இங்கே’யை அழுத்துங்கள், மதியப் பட்டியல் வரும். அதை இன்னும் நான்தான் எழுதுகிறேன்.

சமையலறையிலிருந்து அழைக்கிறார்கள்.

பிரெபன்