கறுப்பு ஆலா

சேசு மரி சூசை துணை

முட்டம்
4-10-1955

என் பிரிய மகன் சகாயத்துக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மா கிளாராவும் சுகம். கருவாட்டுக் கடையும் சுகம். மழையில் கொஞ்சம் நாறுகிறது, என்னைப் போலவே.

ஒரு விசேஷம். உன் அப்பன் புதிதாக ஒரு பறவையைக் கண்டுபிடித்திருக்கிறான். சிரிக்காதே. நம் கடல் ஆலாதான். கவட்டை வால், கூர்மூக்கு எல்லாம் அதே. ஆனால் முதுகு மட்டும் வெள்ளை, நெஞ்சும் வயிறும் கறுப்பு. பாறையில் ஒன்றிரண்டு உட்கார்ந்து இறகைக் கொத்திக்கொண்டே இருக்கின்றன. சின்ன வயதில் வள்ளத்தில் இருந்தபடியே நீ ஆலாக்களை வகை வகையாகப் பிரித்துச் சொல்வாயே, அதனால் கேட்கிறேன்: இது எந்த ஜாதி? பேர் இல்லையென்றால் 'சிலுவைதாசன் ஆலா' என்று வைத்துவிடலாம். நாலாம் வகுப்போடு நின்றவன் பேரும் நாலு பேர் வாயில் வரட்டும்.

வள்ளக்காரன் மரியான்தான் பயமுறுத்துகிறான். "ஏ சிலுவைதாசா, அதத் தொடாத கேட்டியா. சாவுத் துஷ்டி சொல்ல வந்த பறவையாக்கும்."

"ஏலே, வலையில மீனு படலைன்னாலும் உனக்குத் துஷ்டிதான்" என்றேன். உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பதில் போடு மக்கா.

உன் அப்பன்
சிலுவைதாசன்


கொழும்புத் துறைமுகம்
17-10-1955

அன்புள்ள அப்பாவுக்கு, சர்வேசுரனுக்குத் தோத்திரம்.

உங்கள் கடிதத்தைக் கப்பல் எஞ்சின் அறையில் உரக்கப் படித்தேன். வேலை நின்றுபோயிற்று. உங்கள் பேரை வைக்க வேறு பறவை பாருங்கள் அப்பா. இது சாதாரண ஆலாதான். கறுப்பு அதன் நிறம் இல்லை. கப்பல் எண்ணெய், தார் மாதிரி இருக்கும். அது மிதக்கும் தண்ணீரில் உட்கார்ந்தால் வயிறு கறுக்கும். சந்தேகமென்றால் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஓர் இறகைத் துடையுங்கள். அடியில் வெள்ளை தெரியும்.

அம்மா பயப்பட வேண்டாம். கழிவெண்ணெயைக் கப்பல்கள் கொட்டுவது உண்டு. ஒன்றிரண்டு பறவை இப்படி ஆகும். கூட்டமாக, முதுகும் கறுத்து வந்தால்தான் எங்கோ ஒரு கப்பல் உடைந்தது என்று அர்த்தம். யுத்தகாலத்தில் அப்படிக் கண்டதாக இங்கே ஒரு மூத்தவர் சொல்வார்.

நவம்பர் பத்தாம் தேதி கொச்சிக்குப் புறப்படுகிறோம். மறுநாள் பகலில் முட்டத்தைத் தாண்டுவோம். மேல்தட்டில் நின்று சிவப்புத் துண்டை வீசுவேன்.

உங்கள் மகன்
சகாயம்


முட்டம்
30-10-1955

மக்கா,

நீ சொன்னது சரி. மரியானே ஒன்றைப் பிடித்துக் கொடுத்தான். "துஷ்டிப் பறவையத் தொட்டுட்டியே?" என்றேன். "உன் துஷ்டியாக்கும், எனக்கென்ன?" என்கிறான்.

துடைத்தேன், வெள்ளை வந்தது. அது கொத்தியதில் விரலில் காயம். கண்டுபிடித்தவனுக்குக் கிடைத்த மெடல். துணியில், போன லீவுக்கு வந்தபோது உன் சட்டையில் இருந்த அதே வாடை. உன் அம்மா அந்தத் துணியைத் துவைக்காமல் எடுத்து வைத்திருக்கிறாள்.

பதினொன்றாம் தேதி அவள் பாறையில் நிற்பாளாம். அவ்வளவு தூரத்தில் துண்டு தெரியாது என்றேன். "எனக்குத் தெரியும்" என்கிறாள். காற்றின் போக்கு சரியில்லை என்று வள்ளங்களைக் கரையேற்றுகிறார்கள். பார்த்து வா.

அப்பா


முட்டம்
15-11-1955

சகாயம்,

இதைக் கொச்சி விலாசத்துக்கு எழுதுகிறேன். நீ அங்கே இறங்கியிருப்பாய்.

நீங்கள் புறப்பட்ட அன்று பிடித்த காற்று நேற்றுத்தான் அடங்கியது. பாறையில் ஆள் நிற்க முடியவில்லை. உன் அம்மா நின்றாள். துண்டைக் காணவில்லை. அந்த மழையில் கப்பலே தெரியாது, துண்டு எங்கே தெரியும்?

இன்றைக்கு ஆலா வந்திருக்கிறது. பாறையே தெரியாதபடி உட்கார்ந்திருக்கிறது. முதுகும் கறுப்பு. ஆள் பக்கத்தில் போனாலும் பறக்க மாட்டேன் என்கிறது. கரை முழுக்க உன் சட்டை வாடை. மரியான் ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தலைக்கட்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

உன் அம்மா மண்ணெண்ணெய்ப் புட்டியையும் அந்தப் பழைய துணியையும் கொண்டுவந்து நீட்டினாள். "தொடச்சுப் பாரும்" என்றாள். நான் வாங்கவில்லை.

மக்கா, நீ விவரம் தெரிந்தவன்தான். ஆனால் இதை நீ பார்க்கவில்லை. இது அந்தப் பழைய ஆலா இல்லை. உச்சி முதல் வால் வரை கறுப்பாகவே பிறந்த வேறு ஜாதி. நாலாம் வகுப்புக்காரன் நான்தான் சொல்கிறேன். இது சிலுவைதாசன் ஆலா.

தப்பென்றால் நீ நேரில் வந்து சொல்லு. கரையில் எல்லாரும் கேட்க என்னைப் பார்த்துச் சிரி.

அப்பா